ஆக்சிஜனை எழுப்பிவிடுவதுதான் பெரிய வேலை: நைட்ரஸ் ஆக்சைடை உடைக்கும் வினையூக்கிகள்

நைட்ரிக் அமிலத் தொழிற்சாலைகளின் புகைபோக்கியில் ஒரு காலத்தில் பழுப்பு நிறப் புகை போகும். அது நைட்ரஜன் டை ஆக்சைடு. கண்ணுக்குத் தெரியும், தொண்டையைக் கரிக்கும், சுற்றியிருப்பவர்கள் புகார் செய்வார்கள். அதனால் அதைக் கட்டுப்படுத்தும் விதிகளும் சீக்கிரமே வந்துவிட்டன. அதே புகைபோக்கி வழியாக நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு வாயுவும் போய்க்கொண்டிருந்தது. அதற்கு நிறம் கிடையாது, கரிக்கவும் கரிக்காது. பல் பிடுங்கும்போது வலி தெரியாமல் இருக்க 1844 முதல் மனிதர்களுக்கே கொடுத்துவந்த சிரிப்பூட்டும் வாயுதான் அது. ஆளைக் கொல்லாத வாயுவைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? பல பத்தாண்டுகள் அது தடையில்லாமல் வானத்துக்குப் போனது.

நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து பல வாயுக்கள் உண்டாகும். நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு இரண்டையும் சேர்த்து நாக்ஸ் என்பார்கள். அவை துறுதுறுவென்று எதனுடனாவது வினைபுரிந்து சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ காற்றிலிருந்து காணாமல் போய்விடும். நைட்ரஸ் ஆக்சைடின் குணம் இதற்கு நேர் எதிர். இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும் மூலக்கூறு அது. கீழ் வளிமண்டலத்தில் எதனுடனும் வம்புக்குப் போகாது. அந்தச் சாதுவான குணம்தான் சிக்கலே. வளிமண்டலத்துக்குள் போனால் சராசரியாக 110 ஆண்டுகள் அங்கேயே இருக்கும். இருக்கிற காலமெல்லாம் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றின் நூறு கோடி மூலக்கூறுகளில் ஏறத்தாழ 270 இந்த வாயுவாக இருந்தது. இப்போது 336-ஐத் தாண்டிவிட்டது. கடைசியில் அது ஓசோன் படலம் இருக்கும் அடுக்கு மண்டலத்துக்குப் போய்ச் சேரும்போது பெரும்பகுதி சூரிய ஒளியில் உடைகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் நைட்ரிக் ஆக்சைடாக மாறி ஓசோனைத் தின்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் ஓசோனை அழிப்பதை 1970இல் வளிமண்டல வேதியியலாளர் பால் குருட்சன் எடுத்துச் சொன்னார். குளிர்பதன வாயுக்களைக் கட்டுப்படுத்திய மான்ட்ரியல் உடன்படிக்கை நைட்ரஸ் ஆக்சைடைத் தொடவில்லை. அதனால், இன்று மனிதர்கள் வெளியேற்றுகிறவற்றில் ஓசோனுக்கு அதிகக் கேடு செய்வது இதுதான் என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

மனிதர்களால் வரும் நைட்ரஸ் ஆக்சைடில் ஏறக்குறைய முக்கால் பங்கு விவசாயத்திலிருந்து வருகிறது. வயலில் போடும் உரத்தையும் சாணத்தையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் செரிக்கும்போது அது உண்டாகிறது. வயலுக்கு மேலே வினையூக்கியைக் கவிழ்த்து வைக்க முடியாது. தொழிற்சாலையின் பங்கு சிறியதுதான், ஆனால் அது ஒரு குழாய்க்குள் அடங்கியிருக்கிறது. சூடாக இருக்கிறது, அளக்க முடிகிறது, பிடித்து உடைக்கவும் முடிகிறது. இந்தக் கட்டுரை அந்தக் குழாயைப் பற்றியது.

அந்தக் குழாய்க்குள் வாயு எப்படி வருகிறது? உரத்துக்கும் வெடிமருந்துக்கும் நைட்ரிக் அமிலம் வேண்டும். வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1902இல் காப்புரிமை பெற்ற முறையில்தான் இன்றும் அதைத் தயாரிக்கிறார்கள். அமோனியாவையும் காற்றையும் கலந்து, 850 முதல் 950 டிகிரி செல்சியஸில் தகதகக்கும் பிளாட்டினம்-ரோடியம் கம்பி வலை வழியாகச் செலுத்துவார்கள். வாயு அந்த வலையைத் தொட்டுக் கடக்க ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த இமைப்பொழுதில் அமோனியாவில் சுமார் 95 சதவீதம் நமக்கு வேண்டிய நைட்ரிக் ஆக்சைடாகிறது. பிறகு அதைத் தண்ணீரில் உறிஞ்சி அமிலமாக்குவார்கள். மீதியில் ஒரு பகுதி வெறும் நைட்ரஜனாகத் திரும்பிவிடும். ஒன்று, ஒன்றரை, சில ஆலைகளில் இரண்டு சதவீதம் வரை நைட்ரஸ் ஆக்சைடாகும். வலை பழசாகப் பழசாக இந்த அளவு ஏறும். நைட்ரஸ் ஆக்சைடு தண்ணீரில் அமிலமாகாது. அதனால் உறிஞ்சு கோபுரத்தில் எதிலும் ஒட்டாமல் கடந்து, ஆலைக்காரர்கள் டெயில் கேஸ் என்று சொல்லும் கடைசி வாயுவோடு வெளியேறும்.

ஒன்றிரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் அமிலத்துக்கு 5 முதல் 9 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு என்பது கட்டுப்பாடு இல்லாத ஆலைகளுக்கான வழக்கமான மதிப்பீடு. நடுவில் 7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1000 டன் அமிலம் தயாரிக்கும் ஆலை 7 டன் நைட்ரஸ் ஆக்சைடை வெளியே விடுகிறது. அதை 273ஆல் பெருக்கினால், நாளொன்றுக்கு 1900 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆண்டுக்கு 330 நாள் ஓடினால் ஆறு லட்சம் டன்னைத் தாண்டும். நிலக்கரி மின்நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் என்று எடுத்துக்கொண்டால், இது அறுபது கோடி யூனிட் மின்சாரத்துக்கான புகை. ஒரே ஓர் அமில ஆலை, அதுவும் தயாரிக்க நினைக்காத ஒரு துணைப்பொருளால்.

சரி, இதை உடைப்பது ஏன் கஷ்டம்? விசித்திரம் என்னவென்றால், நைட்ரஸ் ஆக்சைடு உடைந்தால் ஆற்றல் வெளியே வரும். ஒரு மோலுக்கு 82 கிலோஜூல். உடைந்து நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஆவதுதான் அதற்கு இயல்பு. 2004இல் விண்வெளி எல்லையைத் தொட்ட ஸ்பேஸ்ஷிப்ஒன் என்ற தனியார் விமானத்தின் ராக்கெட்டில் ரப்பரை எரித்தது இந்த வாயுதான். அதற்கு அடுத்த தலைமுறை விமானத்துக்காக 2007இல் கலிபோர்னியாவின் மொஹாவியில் நடந்த சோதனையில் இதே வாயு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். உள்ளே அவ்வளவு ஆற்றலை வைத்துக்கொண்டுதான் வளிமண்டலத்தில் நூற்றாண்டுக் கணக்கில் சும்மா இருக்கிறது.

உடைய ஆரம்பிக்கும் முன் தாண்ட வேண்டிய கிளர்வு ஆற்றல் மிக அதிகம் என்பதுதான் காரணம். வெறும் வாயுவாக இருக்கும்போது அது மோலுக்குச் சுமார் 250 கிலோஜூல். நைட்ரஜன்-ஆக்சிஜன் பிணைப்பின் பலத்தோடு ஒப்பிட்டாலும் இது அதிகம். இந்த மூலக்கூறில் எலெக்ட்ரான்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. பிரிந்து போகிற ஆக்சிஜன் அணுவின் சாதாரண நிலையிலோ இரண்டு எலெக்ட்ரான்கள் ஜோடியில்லாமல் தனியே நிற்கும். உடைகிற அந்தக் கணத்தில் ஓர் எலெக்ட்ரானின் தற்சுழற்சி திசை மாறியாக வேண்டும், குவாண்டம் விதிகள் அதை லேசில் அனுமதிப்பதில்லை. அதனால் வினையூக்கி இல்லாமல் உடைக்க நினைத்தால் 800, 900 டிகிரிக்கு மேல் சூடும், அந்தச் சூட்டில் தங்குவதற்குக் கொஞ்ச நேரமும் வேண்டும்.

வினையூக்கி இங்கே ஒரு மாற்றுவழி தருகிறது. அதன் மேற்பரப்பில் இரும்பு, கோபால்ட், செம்பு, ரோடியம் மாதிரி ஏதாவது ஓர் உலோகத்தின் அணு இருக்கும். நைட்ரஸ் ஆக்சைடு அதன்மேல் வந்து உட்காரும்போது உலோகம் கொஞ்சம் எலெக்ட்ரானைத் தள்ளிவிடும். அது போய்ச் சேருவது மூலக்கூறின் பிணைப்பைத் தளர்த்தும் இடத்தில். ஆக்சிஜன் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ள, இரண்டு நைட்ரஜனும் ஜோடியாகப் பிரிந்து பறந்துவிடும். அவ்வளவுதான், வாயு உடைந்துவிட்டது. பள்ளிப் புத்தகங்களில் இந்த இடத்தோடு விளக்கம் முடிந்துவிடும். தொழிற்சாலையில் தலைவலி இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஒட்டிக்கொண்ட அந்த ஆக்சிஜன் அணு இருக்கிறதே, அது போனால்தான் அடுத்த மூலக்கூறுக்கு இடம். கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். சாப்பிடுவதற்குப் பத்து நிமிஷம், எழுந்திருப்பதற்கு அரை மணி நேரம் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தால், நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற கூட்டம் நகரவே நகராது. சமையல் எவ்வளவு வேகமாக நடந்தாலும் பயனில்லை. நைட்ரஸ் ஆக்சைடு வினையூக்கிகளில் பெரும்பாலும் இதே கதைதான். வாயுவை உடைப்பது வேகமான படி, ஆக்சிஜனை எழுப்பிவிடுவது மெதுவான படி.

எழுப்புவதற்கு இரண்டு இயல்பான வழிகள் உண்டு. பக்கத்துப் பக்கத்து இடங்களில் இருக்கும் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்து ஆக்சிஜன் மூலக்கூறாகிக் கிளம்பலாம். அல்லது புதிதாக வரும் நைட்ரஸ் ஆக்சைடே அந்த ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டு போகலாம். இரண்டுக்கும் சூடு தேவை. ஆகவே ஒரு வினையூக்கி நல்லதா என்று கேட்டால், வாயுவை உடைக்குமா என்பதோடு நிறுத்தாமல், ஆக்சிஜனை எவ்வளவு குறைந்த சூட்டில் விடும் என்றும் பார்க்க வேண்டும். உலோகம் ஆக்சிஜனை ரொம்ப இறுக்கிப் பிடித்தால் இடம் காலியாகாது. பிடிக்கவே இல்லை என்றால் வாயு உடையாது. ரோடியமும் ருத்தேனியமும் இந்த நடுநிலையை நன்றாகவே கடைப்பிடிக்கின்றன, ஆய்வகத்தில் மிகக் குறைந்த சூட்டிலேயே வேலை செய்கின்றன. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், நிஜ ஆலை வாயுவில் இருக்கும் ஈரமும் நாக்ஸும் அவற்றை முடக்கிவிடுகின்றன. கோபால்ட் ஆக்சைடு மலிவு. அதில் கொஞ்சம் பொட்டாசியத்தைச் சேர்த்தால் எலெக்ட்ரானை இன்னும் தாராளமாகக் கொடுக்கும், வேலை செய்யும் சூடும் இறங்கும் என்பதை போலந்தின் கிராகோவிலும் செக் குடியரசின் ஆஸ்ட்ராவாவிலும் உள்ள ஆய்வாளர்கள் நுணுக்கமாகக் காட்டியிருக்கிறார்கள்.

ஈரம் என்றேனே, அதுதான் நிஜ வாழ்க்கையின் முதல் எதிரி. நீராவி மூலக்கூறுகள் சாப்பிடவும் மாட்டார்கள், பந்தியில் இடத்தை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். சுத்தமான, உலர்ந்த வாயுவில் 350 டிகிரியில் அபாரமாக வேலை செய்தது என்று ஓர் ஆய்வு முடிவைப் பார்த்தால், உடனே நாம் கேட்க வேண்டிய கேள்வி: தண்ணீர் விட்டுப் பார்த்தீர்களா? எத்தனையோ வினையூக்கிகள் அந்தக் கேள்வியிலேயே தோற்றிருக்கின்றன.

இனி, ஆலையில் இதை எங்கே வைப்பது என்ற விஷயம். எந்த இடம் என்பதுதான் எந்த வினையூக்கி என்பதையும் தீர்மானிக்கும்.

முதல் வழி, வாயு உண்டாகாமலே பார்த்துக்கொள்வது. பிளாட்டினம் வலையின் நெசவையும் கலவையையும் மாற்றினால் நைட்ரஸ் ஆக்சைடு ஓரளவு குறையும். பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, வலைக்கு நேர் கீழே. இதற்குப் பெரிய மாற்றம் எதுவும் தேவையில்லை என்பதால் பழைய ஆலைகளுக்குப் பிடித்த வழி இதுதான். வலையைத் தாங்கும் கூடையில் சில சென்டிமீட்டரிலிருந்து இருபது சென்டிமீட்டர் வரை வினையூக்கி வில்லைகளைப் பரப்பிவிடுவார்கள். அங்கே சூடு 850க்கு மேல் தயாராகவே இருக்கிறது. அவ்வளவு சூட்டில் ஆக்சிஜன் தானாகவே எழுந்து போய்விடும், ஈரமும் ஒட்டாது. அப்படியானால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அதே இடத்தில் நமக்கு வேண்டிய சரக்கான நைட்ரிக் ஆக்சைடும் நிறைய இருக்கிறது. அதுவும் உடைந்தால் நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் ஆகக்கூடிய வாயுதான். வினையூக்கி அதன்மேல் கை வைத்தால் ஆலைக்கு நஷ்டம். கொஞ்சமாக இருக்கும் ஒன்றை உடைக்க வேண்டும், அதைவிடப் பல மடங்கு இருக்கும் இன்னொன்றைத் தொடவே கூடாது. நமக்கு நல்வாய்ப்பாக, நைட்ரிக் ஆக்சைடின் பிணைப்பு மிகப் பலமானது. அதைப் பிளக்க மோலுக்குச் சுமார் 630 கிலோஜூல் வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைக் கழற்ற அதில் நான்கில் ஒரு பங்குதான். இந்த இடைவெளிதான் சரியான பொருளைத் தேடி எடுப்பதைச் சாத்தியமாக்குகிறது. நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனத்தின் உரப் பிரிவு, இப்போது யாரா என்ற தனி நிறுவனம், சீரியம் ஆக்சைடின் மேல் கோபால்ட்-அலுமினியம் ஆக்சைடு வைத்த வினையூக்கியை உருவாக்கியது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். என்ற வேதிப்பொருள் நிறுவனம் செம்பையும் துத்தநாகத்தையும் அலுமினாவோடு சேர்த்து ஒன்றைத் தயாரித்தது. இப்படி வலைக்குக் கீழே வைத்து 80, 90 சதவீதம் குறைக்கலாம். வில்லைகள் நொறுங்கித் தூளானால் வாயு போகும் வழி அடைபடும், அழுத்த இழப்பு கூடும். கூடையின் ஓரத்தில் இடைவெளி இருந்தால் வாயு வினையூக்கியைத் தொடாமலே அந்த வழியாக நழுவிவிடும். எண்பதா தொண்ணூறா என்பது பல சமயம் வேதியியலைவிட இந்த ஓர வேலையின் சுத்தத்தைப் பொறுத்தது.

வலைக்குக் கீழே எதையும் வைக்காமல் காலி இடத்தை நீட்டிவிடும் வழியும் உண்டு. நார்வேயின் போர்ஸ்குருன் ஊரில் ஒரு புது ஆலையை அப்படித்தான் கட்டினார்கள். சூடான வாயு ஒன்றிரண்டு விநாடி கூடுதலாக அங்கே தங்கும், அதற்குள் பெரும்பகுதி தானாக உடையும். அழகான யோசனைதான், ஆனால் ஏற்கெனவே கட்டி முடித்த ஆலையில் இதைச் செய்ய முடியாது.

மூன்றாவது இடம் கடைசியில், டெயில் கேஸில். இங்கே அமிலம் ஏற்கெனவே பிரிந்துவிட்டது. சரக்குக்கு ஆபத்து எதுவும் கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் உடைக்கலாம். சூடுதான் குறைவு. ஆலையைப் பொறுத்து 350 முதல் 500 டிகிரி, பழைய ஆலைகளில் அதற்கும் கீழே. போதாததற்கு நீராவி, ஆக்சிஜன், நாக்ஸ் எல்லாம் கலந்திருக்கும். நைட்ரஸ் ஆக்சைடின் அளவோ பத்து லட்சத்தில் ஆயிரம், இரண்டாயிரம் பங்குதான். அது முழுக்க உடைந்தாலும் வாயுவின் சூடு நாலைந்து டிகிரிதான் ஏறும், தன்னைத்தானே சூடேற்றிக்கொள்ளும் என்று நம்ப முடியாது.

இந்தக் கஷ்டமான இடத்தில்தான் இரும்பு ஜியோலைட் வருகிறது. ஜியோலைட் என்பது சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். உள்ளே மூலக்கூறு அளவுக்குத் துளைகளும் சுரங்கங்களும் இருக்கும். இசட்.எஸ்.எம்-5 என்ற வகையின் சுரங்கங்களில் இரும்பு அயனிகளைப் பதித்தால், அவை நைட்ரஸ் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை எளிதாகக் கழற்றும். அப்படிக் கழன்று இரும்பில் ஒட்டிய ஆக்சிஜனுக்கு அசாத்தியமான வேகம். ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் கென்னாடி பானோவ் என்ற வேதியியலாளரின் குழு அதை ஆல்ஃபா ஆக்சிஜன் என்று அழைத்தது. பென்சீனை அப்படியே ஃபீனாலாக மாற்றிவிடும் அளவுக்கு அது வீரியமானது. இந்தக் கழிவு வாயுவை மூலப்பொருளாக்கும் கனவு அப்போது பலருக்கு வந்தது, ஆனால் அமில ஆலைகளில் நிலைத்தது உடைக்கும் வேலைதான்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு திருப்பம் உண்டு. ரோடியத்தை முடக்கிய அதே நாக்ஸ், இரும்பு ஜியோலைட்டுக்கு உதவி செய்கிறது. நைட்ரிக் ஆக்சைடு வந்து இரும்பில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜனைக் கையைப் பிடித்து எழுப்பி, தான் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறிவிடும். அந்த டை ஆக்சைடு இன்னொரு ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சிஜன் மூலக்கூறை வெளியே அனுப்பிவிட்டு, மறுபடி நைட்ரிக் ஆக்சைடாகத் திரும்பும். பந்தியில் ஆளை எழுப்பிவிடுவதற்கென்றே ஒருவர் சுற்றிவருகிற மாதிரி. ஆலை வாயுவில் எப்படியும் இருக்கிற, நீக்கவேண்டிய அசுத்தம் என்று நினைத்த ஒன்றே மெதுவான படியை வேகப்படுத்துகிறது. நாக்ஸை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு நைட்ரஸ் ஆக்சைடுக்குப் போகலாம் என்று யாராவது ஒழுங்காகத் திட்டமிட்டிருந்தால் இந்த உதவியை இழந்திருப்பார்கள்.

ஜெர்மனியைச் சேர்ந்த 'ஊடே' (Uhde) என்ற நிறுவனம் என்வினாக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்த முறை இதைப் பயன்படுத்திக்கொண்டது. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 2003இல் முதல் தொழில்முறை உலை ஓடத் தொடங்கியது. அதில் இரண்டு படுகைகள். முதல் படுகையில் நாக்ஸ் இருக்கும்போதே அதன் உதவியோடு நைட்ரஸ் ஆக்சைடை உடைப்பார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் அமோனியாவைச் செலுத்துவார்கள், இரண்டாவது படுகையில் நாக்ஸும் நைட்ரஜனாகிவிடும். வரிசைதான் சூட்சுமம். 98, 99 சதவீதம் வரை நீக்க முடிகிறது.

சூடு இதற்கும் போதாத ஆலையில் என்ன செய்வது? ஆக்சிஜன் தானாக எழுந்திருக்கும் வரை காத்திருக்காமல், அதை எரித்துவிடலாம். டெயில் கேஸில் கொஞ்சம் இயற்கை எரிவாயு அல்லது புரொப்பேன் கலந்தால், அந்த ஹைட்ரோகார்பன் மேற்பரப்பிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் போய்விடும். உடைப்பது என்பதைவிட ஒடுக்குவது, அதாவது ஆக்சிஜனைப் பறித்தெடுப்பது என்று சொல்வதுதான் இங்கே சரி. இதில் நாக்ஸ் உதவாது, இடைஞ்சல்தான் செய்யும். அதனால் நாக்ஸை முன்பே அல்லது கூடவே நீக்கிவிட வேண்டும். எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்கு அருகே அபு கிர் உர ஆலையில் 2006இல் இந்த வகை வந்தது. அந்த ஓர் ஆலையில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான அளவு குறைந்தது. எரிவாயு எரிந்து கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு வருமே என்று கேட்கலாம். வரும். ஆனால் 273 என்ற எண்ணின் பக்கத்தில் அது ஒரு பொருட்டே இல்லை.

நைட்ரிக் அமிலத்தை விட்டுவிட்டு நைலானுக்குப் போனால் பிரச்சினை தலைகீழாகிறது. நைலான் 6,6 தயாரிக்க அடிப்பிக் அமிலம் வேண்டும். அதை உண்டாக்க நைட்ரிக் அமிலத்தால் ஆக்சிஜனேற்றம் செய்கிறார்கள். ஒரு டன் அடிப்பிக் அமிலத்துக்குச் சுமார் 300 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு வருகிறது. அதாவது 80 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இதை 1991இல் தீமென்ஸ், ட்ராக்லர் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. தயாரிப்பாளர்கள் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்பதால், பெரிய நிறுவனங்கள் சேர்ந்து பேசி, சட்டம் எதுவும் வருவதற்கு முன்பே 1990களில் கட்டுப்பாட்டுக் கருவிகளை வைத்தன. இந்த ஆலைகளின் வாயுவில் நைட்ரஸ் ஆக்சைடு 30, 40 சதவீதம் இருக்கும். உடைந்தால் சூடு எகிறும். அப்படியே விட்டால் வாயு நூற்றுக்கணக்கான டிகிரி ஏறி வினையூக்கியைப் பொசுக்கிவிடும். ஆகவே காற்றைக் கலந்து நீர்த்துப்போகச் செய்து, வரும் சூட்டில் நீராவி தயாரித்துக்கொள்வார்கள். அங்கே சூடு போதாத கவலை, இங்கே சூட்டை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கவலை.

பணக் கதையும் இதில் சுவையானது. பருவநிலை மாற்றத்துக்கான கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் வளரும் நாடுகளில் வாயுவைக் குறைத்தால், குறைத்த அளவுக்கான சான்றுகளை விற்கலாம் என்று ஏற்பாடு இருந்தது. கார்பன் கடன் (carbon credit) என்பது இந்தச் சான்றுதான். தென் கொரியா, பிரேசில், சீனா ஆகிய நாடுகளின் அடிப்பிக் அமில ஆலைகள் அதில் சேர்ந்தன. இந்தியாவில் நைட்ரிக் அமில ஆலைகள் சேர்ந்தன. குஜராத்தின் பரூச்சில் ஜி.என்.எஃப்.சி., மும்பை டிராம்பேயில் ஆர்.சி.எஃப். ஆகிய உர நிறுவனங்களின் ஆலைகள் அவற்றில் அடக்கம். நைட்ரிக் அமிலத் திட்டங்களில் பெரிய புகார் எழவில்லை. அடிப்பிக் அமிலத்தில், உடைக்க ஆகும் செலவைவிடக் கடன் விற்ற வருமானம் எங்கோ போய்விட்டது. கடன் கிடைக்கும் ஆலைகளுக்கே உற்பத்தி நகர்ந்தது என்று 2010இல் ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த வகைக் கடன்களை ஏற்பதை நிறுத்தியது. அதே ஆண்டிலிருந்து தன் நாடுகளிலுள்ள நைட்ரிக், அடிப்பிக் அமில ஆலைகளின் நைட்ரஸ் ஆக்சைடுக்கும் விலை கொடுக்க வைத்தது.

என் அபிப்பிராயத்தில், இங்கே வேதியியல் ஒரு தடையே அல்ல. இதைவிட மலிவாக ஒரு டன் பசுங்குடில் வாயுவைக் குறைக்கும் வழிகள் மிகக் குறைவு. ஆனால் நைட்ரஸ் ஆக்சைடை உடைப்பதால் ஆலைக்கு ஒரு பைசா கூடுதல் சரக்கு கிடைக்காது. சட்டமோ விலையோ இல்லாத இடத்தில் ஒரு மேலாளர் அந்தச் செலவைத் தன் முதலாளியிடம் எப்படி நியாயப்படுத்துவார்? கடன் விலை சரிந்தபோது, வைத்த வினையூக்கியைப் புதுப்பிக்க ஆலைகளுக்குக் காரணம் இல்லாமல் போனது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஜெர்மனி 2015 பாரிஸ் மாநாட்டின்போது, நைட்ரிக் அமில ஆலைகளுக்கென்றே ஒரு சர்வதேச உதவித் திட்டத்தைத் தொடங்கியது. வினையூக்கிக்கும் அளவுக் கருவிக்கும் பணம் தருவார்கள், அதற்குப் பிறகு தொடர்ந்து குறைத்துக்கொண்டே இருப்போம் என்று அந்தந்த நாட்டு அரசு உறுதி தர வேண்டும்.

மருத்துவமனைகளிலும் சின்ன அளவில் இதே வேலை நடக்கிறது. பிரசவ வலிக்கு இந்த வாயுவை அதிகம் பயன்படுத்தும் ஸ்வீடனில், தாய் வெளிவிடும் மூச்சைக் குழாய் வழியாகச் சேகரித்து வினையூக்கிப் பெட்டியில் உடைக்கிறார்கள். முகமூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு அறையிலேயே கலந்துவிடும். அங்கேயும் ஓர வேலைதான் தீர்மானிக்கிறது.

விவசாயத்தின் முக்கால் பங்குக்கு வினையூக்கி இல்லை என்று முதலில் சொன்னேன். தொழிற்சாலையில் செய்த வினையூக்கி இல்லை என்று திருத்திக்கொள்ளலாம். மண்ணிலுள்ள சில பாக்டீரியாக்களிடம் நைட்ரஸ் ஆக்சைடை நைட்ரஜனாக்கும் ஒரு நொதி இருக்கிறது. அதன் மையத்தில் செம்பு அணுக்கள். 900 டிகிரி வேண்டாம், 400 வேண்டாம், மழை பெய்த மண்ணின் குளிர்ச்சியிலேயே அது வேலை செய்யும். ஆக்சிஜனை எழுப்பும் சிக்கலை அது எப்படித் தீர்க்கிறது என்றால், எலெக்ட்ரான்களையும் ஹைட்ரஜன் அயனிகளையும் கொடுத்து அதைத் தண்ணீராக்கி அனுப்பிவிடுகிறது. எரிவாயு விட்டு எரித்த அபு கிர் ஆலையின் வழியும் கிட்டத்தட்ட இதுதான். மண் புளித்து அமிலத்தன்மை ஏறினால் பாக்டீரியாவால் இந்த நொதியைச் சரியாகக் கட்டி முடிக்க முடிவதில்லை. உடைபட வேண்டிய வாயு அப்படியே மேலே கிளம்பிவிடுகிறது. அதனால் புளித்த நிலத்துக்குச் சுண்ணாம்பு போட்டால் நைட்ரஸ் ஆக்சைடு எவ்வளவு குறைகிறது என்று பல நாடுகளில் வயல் சோதனைகள் நடக்கின்றன. ஜப்பானில் இந்த நொதி வீரியமாக உள்ள வேர்முடிச்சுப் பாக்டீரியாக்களை சோயா வயலில் விட்டுப் பார்த்து, 2013இல் குறைவு தெரிந்ததாக வெளியிட்டார்கள்.